இரண்டு சர்வகலாசாலைகளும் ஒரு கிடாயும்

சீமைக்குப் போய்ப் பொருளாதாரம் படிக்கக் கிளம்பியவன் எதற்காகச் சேலத்து வெயிலில் வந்து இறங்கினான் என்று கேட்பவர்களுக்கு என் அப்பாவைத் தெரியாது. மலாயாவில், ஈப்போ நகரத்தில், மளிகைக் கடை வைத்திருப்பவர் அவர். ரப்பர் விலை சரிந்த வருஷங்களில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த விலையை எங்கோ ஒருவன் ஏற்றுகிறான், எங்கோ ஒருவன் இறக்குகிறான். அவன் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் நான் பொருளாதாரத்தின் பக்கம் போனேன்.

விண்ணப்பம் போட்ட இரண்டு பெரிய சர்வகலாசாலைகளிலும் இடம் கிடைத்துத் தொலைத்தது. ஒன்று லண்டன் பட்டணத்தின் நடுவில், பாங்கிகளும் பத்திரிகை ஆபீசுகளும் நெருக்கும் தெருவில் இருப்பது. பணம் நடமாடும் இடத்திலேயே பணத்தைப் பற்றிப் படிக்கலாம். மற்றது லண்டனுக்கு வெளியே, சின்ன ஆறு ஒன்றின் கரையில், பழைய கல் கட்டடங்களில் இருப்பது. உலகம் இன்று வாதாடிக்கொண்டிருக்கும் புதுச் சித்தாந்தங்களெல்லாம் அங்கேதான் பிறக்கின்றன என்று என் ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆற்றங்கரை மேல் ஆசை. அப்பாவுக்கு லண்டன் மேல். வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் சண்டை.

கடைசியில் அப்பா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உன்ற பேச்சும் வேண்டாம், என்ற பேச்சும் வேண்டாம். நம்மூருக்குப் போய்க் கொலசாமிகிட்டக் கேட்டுப்போட்டு வா. சாமி என்ன சொல்லுதோ அதுதான். நான் மாத்திப் பேசமாட்டேன்."

குலசாமியிடம் கேட்பது என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்தால் சம்மதம். இதைத் துளுக்குவது என்பார்கள். சும்மா நின்றால் சம்மதமில்லை. அப்பா இளவட்டமாக இருந்தபோது அப்படிக் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் கப்பல் ஏறியவர். பிறகு ஊருக்கு ஒரு வரி எழுதியதில்லை. ரப்பர் விலை விழுந்ததற்கும் அதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறார். இதைப் பொருளாதாரத்தில் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் காலை சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். ஈப்போவில் மத்தியான மழை கடிகாரம் பார்த்து வரும். இங்கே வானத்தில் நீலமே இல்லை, காய்ச்சிய ஈயம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. காப்பி கிளப்பில் இட்லியும் காப்பியும் ஈப்போவைத் தோற்கடித்தன. டின் பாலில் போட்ட காப்பியையே குடித்து வளர்ந்த எனக்கு அன்றுதான் காப்பிக்கு மணம் உண்டு என்று தெரிந்தது. அந்த உற்சாகத்தில் பஸ் ஏறினேன். ஆட்டையாம்பட்டியில் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கி, மூடியைத் திறந்து, ஒரு நிமிஷம் அதை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இது வராதுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பசிக்கு முறுக்கு வாங்கலாம் என்று கூடைக்காரி ஒருத்தியிடம் போனேன். நடுவயசுப் பெண். நிமிர்ந்து என்னைப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. முறுக்கை இலையில் சுற்றினாள். நான் கை நீட்டினேன். அவள் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"ஊருக்குங்களா?" என்றாள்.

"ஆமாம்." அப்பாவின் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"நான் அந்தூர்ல பொறந்தவளுங்க. போங்க. பாத்துப்போட்டுத் திரும்பிருங்க. யாரையும் கூட்டிக்கிட்டுப் போயறாதீங்க."

யாரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், எனக்கே டிக்கெட் எடுத்தது அப்பா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முறுக்கு என்னவோ அருமையாக இருந்தது.

அந்தப் பக்கம் போகும் மாட்டு வண்டி ஒன்று கிடைத்தது. வண்டிக்காரருக்கு நாற்பது வயசிருக்கும், பக்கத்து ஊர்க்காரர். சோளக்காட்டுக்கு நடுவே வண்டித் தடம். தூரத்தில் திருச்செங்கோட்டு மலை, வண்டி எவ்வளவு போனாலும் கிட்ட வராமல் நின்றது. வண்டிக்காரர் திரும்பிப் பாராமல் கேட்டார்.

"அங்க எப்படிங்க இருக்குது?"

மலாயாவைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மழை ஓயாது, எங்கு பார்த்தாலும் பச்சை, தண்ணீருக்குக் கஷ்டமில்லை என்று அளந்தேன்.

"பசி இருக்குதுங்களா?"

"உழைத்தால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை."

"அங்கயும் ஒழைக்கோணுமா?" அவர் குரலில் அப்படியொரு ஏமாற்றம். கொஞ்ச நேரம் மாட்டைத் தட்டிக்கொடுத்தார். "எங்கம்மாவும் அங்கதானுங்க இருக்குது. காதுல தண்டட்டி போட்டிருக்கும். கண்ணுல பட்டுச்சுங்களா?"

மலாயா பெரிய தேசம், பார்த்த ஞாபகம் இல்லை என்றேன். அவர் தலையசைத்தார். ஒரு மணல் பள்ளம் வந்தது. "மாடு இழுக்காதுங்க, செத்த எறங்கி நடங்க" என்றார். நடந்தேன். அக்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தால், மனிதர் வண்டியை விட்டுவிட்டு என் காலடித் தடங்களின் மேல் குனிந்து நின்றார். ஒரு தடத்தை விரலால் தொட்டும் பார்த்தார். அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது நாய் குரைக்கவில்லை. கதவோரம் நின்றவர்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருவராவது "வாங்க" என்று சொல்லவில்லை. கேட்காத விருந்தாளிக்கும் அந்த வார்த்தையைச் சொல்லுகிற சனங்கள் என்று அப்பா பீற்றிக்கொண்டதை நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், தோட்டத்தில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்கி, கிணற்றிலிருந்து தோல் பையில் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கை கயிற்றை விட்டுவிட்டது. பை கிணற்றுக்குள் விழுந்த சத்தம் அடங்கவே நேரமாயிற்று.

"ராமசாமி," என்றார் என்னைப் பார்த்து. அது என் அப்பாவின் பெயர். "எல்லாம்தான் செஞ்சுபோட்டமே சாமி. இன்னும் என்ன கொறை?"

நான் ராமசாமி இல்லை, அவர் மகன் என்றேன். அவர் நம்பவில்லை. "அவனுக்குக் கண்ணாலமே ஆகலியே" என்றார். அப்பாவின் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஈப்போ கடை வாசலில், தொந்தியும் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அப்பா. பெரியப்பா அதை வாங்காமல், என் கையில் இருந்தபடியே பார்த்தார். பிறகு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அப்பா ஓடிப்போன சில வருஷங்களில், ரப்பர் தோட்டத்துக் காய்ச்சலில் ராமசாமி செத்துப்போனான் என்று மலாயாவிலிருந்து திரும்பிய எவனோ சொல்லியிருக்கிறான். பெரியப்பா காத்துப் பார்த்தார். கடிதம் இல்லை, தகவல் இல்லை. கடைசியில் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து கொள்ளி வைத்து, தலை மழித்து, கருமாதி செய்து முடித்துவிட்டார். ஊருக்கு என் அப்பா செத்தவர். இன்று அவருடைய சாயலில், அவர் ஓடிப்போன வயசில், நான் தெருவில் நடந்து வந்திருக்கிறேன். முறுக்குக்காரி எந்தப் பயணத்துக்கு யாரையும் கூட்டிப் போகாதே என்றாள், வண்டிக்காரரின் அம்மா எங்கே இருக்கிறாள் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயும் உழைக்க வேண்டும் என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் சட்டை வேர்வையில் ஊறிப்போயிருந்ததைப் பார்த்து, உள்ளே போய் மரப்பெட்டியைத் திறந்து ஒரு வேட்டி எடுத்து வந்தாள். மடிப்புக் கலையாத புது வேட்டி. பெட்டியில் அதுபோல நிறைய இருந்தன. செத்தவர்களுக்கு வருஷா வருஷம் படையலில் கோடி வேட்டி வைப்பார்கள். மறுநாள் வீட்டில் யாராவது அதைக் கட்டிக்கொள்வார்கள். தம்பிக்கு வைத்ததைப் பெரியப்பா யாரையும் தொடவிடவில்லையாம்.

"அவுனுக்கு வெச்சதுதான். நீ கட்டிக்கோ சாமி" என்றாள் பெரியம்மா.

கட்டிக்கொண்டேன். என் இடுப்புக்கு அளந்து வைத்தது போல இருந்தது. சோளச்சோறும் கொள்ளுப் பருப்பும் போட்டாள். நான் சாப்பிட, எதிரே உட்கார்ந்து வட்டிலையே பார்த்தாள். சோறு குறைகிறதா என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. அவள் நிம்மதிக்காக இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தம்பி உயிரோடிருக்கிறான் என்ற செய்தியில் பெரியப்பாவுக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். ராத்திரி முழுக்க அழுதிருப்பார் போலிருந்தது, கண் வீங்கியிருந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"கொள்ளி வெச்சாச்சு. வெச்ச கொள்ளியத் திருப்பி வாங்க முடியாது கண்ணு. அவன் அங்க நல்லா இருக்கட்டும். இங்க அவன் எடம் காலியாத்தான் கெடக்குது."

அவருக்குப் பிள்ளை இல்லை. பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து தள்ளி நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நடந்து காட்டு என்றார் ஒருவர். தும்மு என்றார் ஒருவர். பிறகு எல்லோருமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என் படிப்பைப் பற்றி விவாதித்தார்கள். லண்டனும் அந்த ஆற்றங்கரையும் அவர்கள் வாயில் சந்தை ஊர், ஆத்தங்கரை ஊர் என்று ஆகிவிட்டன. "வெலையைப் பத்திப் படிக்கறதுன்னா சந்தையில இருந்துதானுங்க படிக்கோணும்" என்றார் ஒருவர். "சந்தைக்குள்ள சத்தம்தான் கேக்கும், படிக்கறதெங்க?" என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டுச் சண்டையே அச்சாக இங்கேயும் நடந்ததில் எனக்குச் சிரிப்பு வந்தது. பேச்சு ஓய்ந்தபோது ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டும் எதுக்குங்க? வந்தவன் இங்கயே இருந்துட்டா?"

பெரியப்பா தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் கருப்பணசாமி கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் கட்டடம் இல்லை. பனங்காட்டுக்கு நடுவே ஒரு பாலை மரம், நட்டு வைத்த வேல்கள், எண்ணெய் இறங்கிக் கறுத்த ஒரு கல். காற்று இல்லை. கிடாயும் கறுப்புத்தான், நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. கட்டியிருந்தது நான் அந்தக் கோடி வேட்டியைத்தான். பெரியம்மா வேறு தரவில்லை.

பூசாரி ஒல்லியான மனிதர். ஊர்களின் பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சாமிக்கு வெளங்கும்" என்று சொல்லிவிட்டு, கிடாயின் தலையிலிருந்து வால் வரை மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

"சாமி! ராமசாமி மகன் கடல் தாண்டிப் படிக்கப் போறான். சந்தை ஊருக்குப் போகட்டுமா? உத்தரவு குடு!"

எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். கிடாய் அசையவில்லை. காது நுனியில் தண்ணீர் சொட்டியது. சாதாரணமாக ஓர் ஆட்டின் மேல் தண்ணீர் பட்டால் அது உதறாமல் இருக்காது. நனைந்த எந்தப் பிராணியும் செய்கிற காரியம். எனக்கு இந்த விளக்கம் வரும்போதே தயாராக இருந்தது. இந்தக் கிடாயோ கல்லில் செதுக்கியது போல நின்று, என்னை மட்டும் பார்த்தது.

பூசாரி மறுபடி ஊற்றினார். "ஆத்தங்கரை ஊருக்குப் போகட்டுமா? உத்தரவு குடு!"

இல்லை. ஒரு மயிர் அசையவில்லை. ஆட்டிடம் கேட்டுப் படிக்கப் போகிறானாம் என்று கப்பலில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவன் நான். இப்போது, ஒரே ஒரு முறை சிலிர்த்துவிடு என்று அந்த ஆட்டைக் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

"கொறை இருக்குது," என்றார் பூசாரி. "செத்தவன் பேரச் சொல்லிக் கேட்டா எப்படித் துளுக்கும்?"

பெரியப்பா முன்னால் வந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அப்ப மூணாவது கேளுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவதற்கு ஆடு துளுக்கினால் கதை முடிந்தது. அப்பா சொன்ன வார்த்தையை மாற்ற மாட்டார். லண்டனும் இல்லை, ஆறும் இல்லை. பெட்டியில் இருக்கும் வேட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டிக் கிழித்துக்கொண்டு, செத்துப்போன ஒருவரின் இடத்தில் காலம் முழுக்க உட்கார வேண்டியதுதான். ஓட நினைத்தேன்.

பூசாரி சொம்பைச் சரித்தார். "சாமி! செத்தவன் எடம் காலியாக் கெடக்குது. இவன் இங்கயே இருந்து..."

கிடாயின் வாலருகே தோல் சுருங்கியது. அந்தச் சுருக்கம் முதுகில் ஏறி வருவதைப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கத் தைரியமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் குரலா என்று எனக்கே தெரியாத குரலில் கத்தினேன்: "ஆத்தங்கரை ஊருக்கு நான் போறேன் சாமி! அப்பன் பேருக்கு வேண்டாம், எனக்கு உத்தரவு குடு!"

முகத்தில் மஞ்சள் தண்ணீர் வந்து தெறித்தது. கண்ணைத் திறந்தபோது கிடாய் தலையிலிருந்து வால்வரை உதறி முடித்துவிட்டு, கல்லடியில் கிடந்த வேப்பங்கொத்தைச் சாவகாசமாக முகர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எல்லோர் கைகளும் தலைக்கு மேலே குவிந்திருந்தன.

"எதுக்குங்க துளுக்குச்சு?" என்று கடைசியில் ஒரு பங்காளி கேட்டார்.

"துளுக்கீருச்சு," என்றார் பூசாரி. "அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். துளுக்கின கெடாகிட்ட மறுக்காக் கேக்கப்படாது."

பெரியம்மா பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்வையில் அத்தனை ஆசை. ஒரு வார்த்தையில் என்னை அங்கேயே நட்டிருக்கலாம் அவர். ஊர் அவர் பக்கம்தான் பேசியிருக்கும்.

"இவுனுக்குத்தான் துளுக்குச்சு," என்றார் தரையைப் பார்த்து. "நான் பாத்தேன். போகட்டும்."

பெரியம்மா திரும்பி நடந்துவிட்டாள். பெரியப்பா அன்று உண்மையைச் சொன்னாரா, பொய் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவர் காலில் விழுந்து அழுதேன். அவர் கை என் தலையில் பட்டது. இந்த மூன்று நாளில் அந்த ஊரில் என்னைத் தொட்ட முதல் கை அதுதான்.

கிளம்பும்போது பெரியம்மா பெட்டியின் அடியிலிருந்த வேட்டி ஒன்றை அப்பாவுக்கென்று கொடுத்தாள். முதல் வருஷத்துப் படையலில் வைத்ததாம், மடிப்பில் பழுப்பேறியிருந்தது. அதே வண்டிக்காரர்தான் ஆட்டையாம்பட்டிவரை வந்தார். நான் உயிருள்ளவன், மலாயாக்காரன் என்று ஊரே அவருக்குச் சொல்லியிருந்தது. அவரும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "எப்பவாச்சும் எங்கம்மாவப் பாத்தீங்கன்னா, மாடு கன்னு போட்டிருக்குதுன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

சேலத்திலிருந்து ஆற்றங்கரைக்கு ஒரு தந்தி, அப்பாவுக்கு ஒரு தந்தி. வேட்டியைத் தபாலில் அனுப்பிவிட்டு, நடந்ததையெல்லாம் விவரமாக எழுதினேன், நான் கத்தியது உட்பட. கருமாதி நடந்த செய்தியை எழுதும்போது மட்டும் பேனா தடுக்கியது. பிறகு கப்பல் ஏறினேன்.

இதை எழுதுவது அந்தச் சின்ன ஆற்றின் கரையில், கணப்பு எரிந்தும் விரல் விறைக்கும் அறையில். ஆசைப்பட்டது கிடைத்திருக்கிறது. விலை ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது என்று பெரிய மூளைகள் சொல்லக் கேட்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் காலையில் குளிர்ந்த நீரை முகத்தில் ஊற்றும்போது உடம்பு ஒரு முறை தானாகச் சிலிர்க்கும். உடனே, யாரோ எங்கேயோ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டது போல ஒரு பயம் வந்து போகும்.

போன வாரம் அப்பாவின் கடிதம் வந்தது. தான் செத்துப்போனதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் அழுதாரா என்றும் கேட்கவில்லை. வேட்டி வந்து சேர்ந்தது, கட்டிப் பார்த்தேன், பத்தவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: கிடாய் துளுக்கியது நீ கத்திய பிறகா, அதற்கு முன்னாலா?

நான்தான் கண்ணை மூடியிருந்தேனே. என்ன பதில் எழுதுவது?